குறைந்த விலையில் நல்ல ஒயின்: நாசிக் தோட்டங்கள் சொல்லும் பாடம்

தை மாதம் பிறந்துவிட்டால் மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்துத் திராட்சைத் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கத்தரிக்கோலும் பிளாஸ்டிக் கூடையுமாக ஆட்கள் வரிசைக்குள் இறங்குகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் கொத்துகளை அறுத்து ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். சூடான பழம் போகும் வழியிலேயே நசுங்கிப் புளிக்கத் தொடங்கினால், அதன்பின் எந்த இயந்திரமும் அந்தச் சரக்கைக் காப்பாற்றாது.

இப்படி விடியற்காலையில் அறுத்த பழத்திலிருந்து வரும் ஒயினில் ஒரு பகுதி, சில மாதங்களில் மும்பை, புனே கடைகளில் புட்டி ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் விற்பனைக்கு வருகிறது. இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் பல ஆண்டுகள் சுங்கவரி மட்டுமே 150 சதவீதமாக இருந்து வந்தது. ஆகவே வெளிநாட்டில் மலிவாக விற்கும் சாதாரண ஒயின்கூட இங்கே வந்து சேரும்போது விலை உயர்ந்துவிடும். அந்தப் பணத்திற்குப் பாதியைக் கொடுத்தால் அதைவிடப் புதிதாகவும் மணமாகவும் உள்ள உள்ளூர் ஒயின் கிடைக்கிறது என்பதே ஒயின் சுவைஞர்கள் நாசிக்கைப் புகழ்வதற்குக் காரணம். இது எப்படிச் சாத்தியமாயிற்று, இதில் விவசாயியின் பங்கு என்ன என்பதை இங்கே காண்போம்.

இரண்டு கவாத்து, ஒரே அறுவடை

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் திராட்சைக் கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. அப்போது ஒரு முறை கவாத்து செய்வார்கள். வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, செப்டம்பர் வாக்கில் அறுவடைக்கு வரும். நம் நாட்டு வெப்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. விட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொடியின் காலத்தை மனிதனே கத்தரிக்கோலால் வகுக்க வேண்டியிருக்கிறது.

நாசிக் விவசாயிகள் ஏப்ரல் மாதத்தில் அறுவடை முடிந்த கொடிகளை ஒன்றிரண்டு மொட்டுகள் மட்டும் விட்டு ஒட்ட வெட்டுகிறார்கள். இது அடித்தளக் கவாத்து. இதிலிருந்து வரும் புதுக் கிளைகளின் மொட்டுகளில்தான் அடுத்த பருவத்துப் பூங்கொத்து உருவாகிறது. வெட்டிய ஒன்றரை, இரண்டு மாதங்களுக்குள் மொட்டு பூங்கொத்தாகுமா, வெறும் பற்றுக்கம்பியாகுமா என்பது முடிவாகிவிடும். அந்நாளில் மொட்டுகளுக்கு வெயில் படவேண்டும். இலை அடர்ந்து நிழல் கட்டிய தோட்டத்தில் காய்ப்பு குறைவதற்கு இதுவே காரணமாகும்.

பின்னர் தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காய்ப்புக் கவாத்து செய்கிறார்கள். இதிலிருந்து துளிர்க்கும் கிளைகளே பழம் தருகின்றன. காய் பருக்கும் டிசம்பர், ஜனவரியில் நாசிக்கில் பகல் வெயிலாகவும் இரவு நல்ல குளிராகவும் இருக்கும். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு எரிந்து போகாமல் தங்குகிறது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் ஒயின் வாயில் கலகலப்பாக இருக்கும். புளிப்பு குறைந்த ஒயின் சர்க்கரைத் தண்ணீர்போல் சப்பென்று இருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரமும் சஹ்யாத்ரி மலையின் அண்மையும் நாசிக்கிற்குக் கொடுத்துள்ள நன்மை இதுதான்.

இதில் ஆபத்துகளும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மழை நீடித்தால் அடிச்சாம்பல் நோய் பூங்கொத்தை அழித்துவிடும். குளிரும் பனியும் உள்ள நாட்களில் சாம்பல் நோய் வரும். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெய்த ஆலங்கட்டி மழை மகாராஷ்டிரத்தில் பல மாவட்டங்களில் பழப்பயிர்களை நொறுக்கியது. அறுவடைக்கு நிற்கும் கொடியின் மேல் விழும் ஆலங்கட்டிக்கு மருந்து கிடையாது.

தின்னும் பழம் வேறு, ஒயின் பழம் வேறு

சந்தையில் விற்கும் விதையில்லாத் தாம்சன் திராட்சையில் ஏன் நல்ல ஒயின் வருவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. தின்னும் பழத்திற்குப் பெரிய மணி, மெல்லிய தோல், குறைந்த புளிப்பு ஆகியவை வேண்டும். ஒயின் பழத்திற்குச் சிறிய மணி, கெட்டித் தோல், போதிய புளிப்பு ஆகியவை வேண்டும். மணமும் நிறமும் பெரும்பாலும் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் இருக்கின்றன. மணி சிறுத்தால் சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடுகிறது.

நாசிக்கில் வெள்ளை ஒயினுக்கு ஷெனின் பிளாங்க், சாவினியோன் பிளாங்க் ஆகிய இரகங்களும், சிவப்பு ஒயினுக்கு ஷிராஸ், கேபர்னே சாவினியோன் ஆகிய இரகங்களும் முக்கியமானவை. ஜின்ஃபேண்டல் என்ற இரகத்திலிருந்து இளஞ்சிவப்பு ஒயினும் செய்கிறார்கள். உப்பு மண்ணையும் வறட்சியையும் தாங்குவதற்காக டாக்ரிட்ஜ், 110 ஆர் போன்ற வேர்ச்செடிகளின் மேல் இவற்றை ஒட்டுக்கட்டி, சொட்டு நீர்ப் பாசனத்தில் வளர்க்கிறார்கள்.

மகசூலிலும் வேறுபாடு உண்டு. தின்னும் திராட்சையில் ஏக்கருக்கு 10 டன் எடுப்பவர்கூட, ஒயின் இரகத்தில் 5 டன் அளவில் நிறுத்திக்கொள்வது வழக்கம். கொடி தாங்குவதற்கு மேல் கொத்துகளை விட்டால் எல்லாக் கொத்துகளிலும் சர்க்கரை குறையும், மணமும் நீர்த்துப்போகும். ஆகவே காயாக இருக்கும்போதே மிகுதியான கொத்துகளைக் கிள்ளித் தரையில் போட்டுவிடுகிறார்கள். நன்றாக விளைந்த கொத்தை வெட்டி எறிய எந்த உழவருக்கும் மனம் வராது. ஆயினும் நல்ல ஒயினின் முதல் படி அதுதான்.

ஆலையில் நடப்பது என்ன?

பழம் பறிக்கும் நாளைத் தீர்மானிப்பது நாட்காட்டி அல்ல. தோட்டத்தின் பல இடங்களிலிருந்து மணிகளைப் பறித்துச் சாறு பிழிந்து, சர்க்கரையைப் பிரிக்ஸ் அளவில் பார்க்கிறார்கள். புளிப்பையும் சோதிக்கிறார்கள். விதையைக் கடித்தும் பார்ப்பதுண்டு. விதை பச்சையாக இருந்தால் பழம் இன்னும் முற்றவில்லை என்று பொருள். வெள்ளை ஒயினுக்கு 21, 22 பிரிக்ஸ், சிவப்பு ஒயினுக்கு 23, 24 பிரிக்ஸ் என்ற அளவில் அறுவடை செய்கிறார்கள். ஒரு லிட்டர் சாற்றிலுள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை, ஈஸ்ட்டின் வேலையால் ஒரு சதவீதம் ஆல்கஹாலாக மாறும். நன்கு முற்றிய பழத்தின் சாறு 12, 13 சதவீத ஒயினாவது இக்கணக்கின்படியே ஆகும்.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தை நசுக்கியவுடன் பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். தெளிந்த சாற்றைக் குளிரூட்டிய எவர்சில்வர் தொட்டியில் 14 முதல் 16 டிகிரி வெப்பநிலையில் மெதுவாக நொதிக்க விடுவார்கள். வெப்பம் கூடினால் பழத்தின் மணம் கரியமில வாயுவோடு பறந்துவிடும். சிவப்பு ஒயினில் தோலும் சாறும் சேர்ந்தே 25 முதல் 28 டிகிரியில் நொதிக்கின்றன. கறுப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. தோலிலிருந்துதான் சிவப்பும் துவர்ப்பும் இறங்குகின்றன. இளஞ்சிவப்பு ஒயினில் தோலைச் சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டு எடுத்துவிடுவார்கள்.

குறைந்த விலையில் நல்லது எது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. உயர்தரச் சிவப்பு ஒயின் 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டோ அதற்கு மேலோ கிடந்து பக்குவப்பட வேண்டும். அந்தப் பீப்பாய்கள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து வருபவை. விலை அதிகம், சில ஆண்டுகளே உதவும். ஷெனின் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயினுக்குப் பீப்பாய் தேவையில்லை. மாசியில் அறுத்த பழம் ஆடி, ஆவணிக்குள் புட்டிக்கு வந்துவிடும். முதலீடு முடங்காததால் விலையும் அடங்கி நிற்கிறது. பழுத்த கொய்யாவும் தேனும் கலந்தாற்போன்ற மணம் கொண்ட ஷெனின் பிளாங்க், அறுத்த புல்லையும் பச்சைக் குடமிளகாயையும் நினைவூட்டும் சாவினியோன் பிளாங்க் ஆகிய இரண்டும் கொடுத்த காசுக்கு நியாயம் செய்பவை. சிவப்பில், பீப்பாய் காணாத இளம் ஷிராஸ் மிளகும் நாவல்பழமும் போன்ற மணத்தோடு அதே நியாயத்தைச் செய்கிறது.

செய்தவர்கள் யார்?

இத்தொழிலுக்கு இந்தியாவில் புதுவழி காட்டியவர்களுள் ஒருவர் ஷாம்ராவ் சௌகுலே. 1980-களில் புனே மாவட்டம் நாராயண்காவில், பிரெஞ்சு நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் நுரை ஒயின் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினார். கர்நாடகத்தில் நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் பிரெஞ்சு இரகங்களை நட்டு 1990-களில் ஒயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் நிபுணர் மிஷேல் ரோலான் அவருக்கு ஆலோசகராக இருந்தார்.

நாசிக்கின் கதை ராஜீவ் சாமந்தோடு தொடங்குகிறது. அமெரிக்காவில் படித்து அங்கே வேலையும் பார்த்தவர், 1990-களில் ஊர் திரும்பிக் குடும்ப நிலத்தில் விவசாயம் செய்ய முனைந்தார். சுற்றிலும் தின்னும் திராட்சையே விளைந்த பகுதியில் அவர் ஷெனின் பிளாங்க், சாவினியோன் பிளாங்க் இரகங்களை 1997-இல் நட்டார். கலிபோர்னியாவின் ஒயின் வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கி வழிகாட்டினார். 2000-இல் முதல் ஒயின் வெளிவந்தது. தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கிச் சூலா என்று பெயரிட்ட அந்த நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்தது.

மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, கலால் தீர்வைச் சலுகை கொடுத்து, நாசிக் மாவட்டம் விஞ்சூரிலும் சாங்லி மாவட்டம் பலூசிலும் ஒயின் பூங்காக்களை அமைத்தது. அதன்பின் திராட்சை விவசாயக் குடும்பங்களே ஆலை தொடங்கின. நிபாட் அருகே குண்டேவாடியில் பாட்டீல் குடும்பம் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் மட்டுமே ரெவெய்லோ என்ற பெயரில் ஒயின் செய்கிறது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் மோஹிதே பாட்டீல், செக்ரி ஆகிய இந்தியக் குடும்பங்களின் சகோதரர்களும் இத்தாலியின் செச்சி சகோதரர்களும் கூட்டாக ஃப்ரதெல்லி நிறுவனத்தை 2007-இல் தொடங்கினர். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குச் சகோதரர்கள் என்றே பொருள். இத்தாலியின் டஸ்கனியைச் சேர்ந்த பியரோ மாசி அங்கே ஒயின் செய்முறையைக் கவனித்தார்.

இவர்கள் எல்லாரிடமும் காணும் பொதுப் பண்பு ஒன்று உண்டு. தொட்டியில் என்ன சேர்ப்பது என்பதைவிடத் தோட்டத்தில் என்ன குறைப்பது என்பதில்தான் இவர்கள் அதிகக் கவனம் செலுத்தினர்.

ஒரு புட்டியில் விவசாயிக்கு எவ்வளவு?

ஒரு டன் பழத்திலிருந்து சுமார் 650 லிட்டர் ஒயின் கிடைக்கும். 750 மில்லி புட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பழம் தேவை. பழம் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் புட்டிக்கு 60 ரூபாய் அளவே விவசாயிக்குச் சேருகிறது. மீதம் கண்ணாடிப் புட்டி, மூடி, மின்சாரம், போக்குவரத்து, கடைக்காரர் இலாபம், அரசு வரி என்று பிரிந்துபோகிறது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனித் தீர்வையும் லேபிள் பதிவுக் கட்டணமும் வசூலிப்பதால், விளைந்த மாநிலத்தைத் தாண்டினால் அதே ஒயினின் விலை கூடிவிடுகிறது. உள்ளூர் ஒயின் உள்ளூரில்தான் மலிவு என்பதன் காரணம் இதுவே.

ஆலைக்காரர் விலையைக் குறைக்க நினைத்துப் பழத்தின் விலையில் கைவைத்தால் புட்டிக்குப் பத்து ரூபாய்கூட மிஞ்சாது. ஆனால் விவசாயிக்கு அது ஏக்கருக்குப் பல ஆயிரம் ரூபாய் இழப்பாகும். அந்த இழப்பை ஈடுகட்ட அவர் கொத்துகளைக் கூடுதலாக விடுவார், தரம் கெடும். நல்ல ஆலைகள் இதை உணர்ந்து விவசாயிகளுடன் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பழத்தின் தரத்திற்கேற்ப விலை தருகின்றன.

கொடியைப் பிடுங்கிய கதை

2001-க்குப் பின் வந்த உற்சாகத்தில் பல விவசாயிகள் தின்னும் திராட்சையை விட்டு ஒயின் இரகங்களுக்கு மாறினர். ஆலைகளும் பெருகின. 2008-இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பின் ஓட்டல், சுற்றுலாத் தொழில்களும் படுத்தன. ஒயின் விற்பனை சரிந்து, ஆலைகளின் தொட்டிகளில் பழைய சரக்கு தேங்கியது. புதிய பழத்தை வாங்க ஆளில்லை. வாங்கியவர்களில் சிலரும் பணம் தரத் தாமதித்தனர். தாம்சன் திராட்சையாக இருந்தால் சந்தைக்கு ஏற்றலாம், இல்லாவிட்டால் காயவைத்து உலர் திராட்சையாக்கலாம். விதையும் கெட்டித் தோலும் உள்ள ஒயின் பழத்தைத் தின்பதற்கு வாங்குவார் இல்லை. வேறு வழியின்றிப் பலர் காய்க்கும் கொடிகளையே வேரோடு பிடுங்கி எறிந்தனர்.

திராட்சைத் தோட்டம் பலனுக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். தூணும் கம்பியும் சொட்டு நீர்க் குழாயும் கடனில் வாங்கியவை. ஒரு புட்டி ஒயின் விற்காமல் நின்றால் கடைக்காரருக்கு ஒரு புட்டியின் நட்டம். விவசாயிக்கோ மூன்று ஆண்டு உழைப்பின் நட்டம். நிலைமை சீரானபின் எஞ்சி நின்றவை, எழுத்து மூலமான ஒப்பந்தமும் பணம் பட்டுவாடாவில் நாணயமும் உள்ள ஆலைகளும், அவற்றுக்குப் பழம் கொடுத்த தோட்டங்களுமே.

கம்பம் பள்ளத்தாக்குக்கு என்ன பாடம்?

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய இரகமே. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-இல் இது புவிசார் குறியீடு பெற்றது. தின்பதற்கும் ஒயினுக்கும் ஏற்ற மணமுள்ள இரகம் இது. ஆண்டு முழுவதும் மாறி மாறி அறுவடை கிடைப்பது நாசிக்கிற்கும் இல்லாத வசதியாகும்.

ஆனால் பந்தல் நிறையக் கொத்து விட்டு, எடை கூடும் என்று அறுவடை வரை நீர் பாய்ச்சும் வழக்கத்தில் சர்க்கரை ஏறாது. சாறு, ஒயின் ஆலைகளுக்குப் பழம் கொடுக்க எண்ணுவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஆலையின் எழுத்து மூலமான கொள்முதல் ஒப்பந்தம் கையில் வந்தபின்பே இரகம் மாற்றவும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை, பிரிக்ஸ் அளவுக்கேற்ற கூடுதல் விலை, எத்தனை நாட்களில் பணம் என்பவை இருத்தல் வேண்டும்.

2. நிலம் முழுவதையும் ஒயின் இரகத்துக்கு மாற்ற வேண்டாம். ஒரு பகுதியில் தின்னும் இரகம் இருப்பது பாதுகாப்பு.

3. காய்கள் சிறியனவாக இருக்கும்போதே மிகுதியான கொத்துகளை நீக்கி, கொத்துகளைச் சுற்றியுள்ள இலைகளில் சிலவற்றைக் கிள்ளிக் காற்றோட்டம் தரவும்.

4. பழம் முற்றும் தறுவாயில் நீரைப் படிப்படியாகக் குறைக்கவும். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே மருந்தின் லேபிளில் குறித்த நாட்கள் கழிய வேண்டும்.

5. அறுவடையை விடியற்காலையில் முடித்து, ஆழமில்லாத கூடைகளில் அன்றே ஆலைக்கு அனுப்பவும்.

மதுத் தொழிலில் இறங்க விருப்பமில்லாதவர்களுக்குச் சாறு தயாரிப்பு ஒரு வழி. புனே அருகே மாஞ்சரியில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையம், சாறே சிவப்பாக உள்ள மாஞ்சரி மேதிகா என்ற இரகத்தை இதற்கென்று உருவாக்கியுள்ளது. கம்பம் பகுதி விவசாயிகள் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை பெறலாம். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பதும் விற்பதும் தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றமாகும்.

குடிப்பவர்களும் அளவறிந்து குடிப்பதே முறை. ஆல்கஹால் எந்த வடிவில் வந்தாலும் உடலுக்குத் தீங்கு உண்டு. வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பார்க்க வேண்டும். வெள்ளை ஒயினை இரண்டு ஆண்டுகளுக்குள் வாங்கிக் குளிர வைத்துக் குடிப்பது நல்லது. வெயில் படும் அலமாரியில் நின்ற புட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மலிவு என்பது இருவகை. தரத்தைக் குறைத்து வரும் மலிவு ஒன்று. வீணானதைக் குறைத்து வரும் மலிவு மற்றொன்று. நாசிக்கின் நல்ல ஒயின் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. காயிலேயே கொத்தைக் கிள்ளிய கை, விடியுமுன் கூடையோடு வரிசைக்குள் இறங்கிய கால், சொன்ன நாளில் பணம் கொடுத்த ஆலை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது விளைகிறது. இவற்றுள் ஒன்று தவறினாலும் முதலில் வாடுவது கொடியை நட்டவனின் குடும்பமே என்பதை மறத்தல் கூடாது.